மூன்றாவது மன்னிப்புக் கடிதம்

மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு எழுபது அரசு ஊழியர்களைக் கண்ணை மூடச் சொல்ல ஒன்று அசாத்தியத் தைரியம் வேண்டும், இல்லையென்றால் அரசு ஊழியர்களைப் பற்றி ஒரு மண்ணும் தெரிந்திருக்கக் கூடாது. இந்தப் பெண்ணுக்கு இரண்டாவது. சென்னையிலிருந்து காலையில்தான் வந்திறங்கினாள். பெயர் ஸ்வாதிகா. கசங்கியதைக் கசங்கியபடியே கட்டினால்தான் அழகு என்று யாரோ சொல்லிக் கொடுத்த கைத்தறிப் புடவை, காதில் ஓட்டுத் துண்டு மாதிரி ஒரு தோடு. "உங்க சின்ன வயசுல நீங்க ரொம்பப் பாதுகாப்பா உணர்ந்த ஒரு இடம் இருக்கும் இல்லையா, அங்க மெதுவா போங்க, அவசரமே இல்ல" என்கிறாள், ஏதோ நாங்கள் எல்லோரும் டவுன்பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகப் போகிறவர்கள் மாதிரி. முன்வரிசையில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தொழிலாளர் துறைக்காரர் வாய் திறந்தே போயிருக்கிறார், குறட்டை இங்கே கேட்கிறது. எனக்குப் பக்கத்தில் ஜெசிந்தா, பக்கத்துத் தாலுகா விடுதிக் காப்பாளினி, தயிர்ச்சாதத்தையும் ஐஸ்க்ரீமையும் ஒன்றாகச் சாப்பிட்ட புண்ணியத்தில் கண்ணை மூடிய வேகத்தில் என் தோளில் சாய்ந்துவிட்டாள். நான் மூடவில்லை. கூட்டத்துக்கு நடுவே கண்ணை மூடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. மேடைக்குப் பின்னால் பேனர் தொங்குகிறது, குழந்தைப் பருவக் காயங்களை உணரும் சமூகம், ஒருநாள் பயிற்சி. அதில் ஒரு பிள்ளை படம், வெள்ளைக்காரப் பிள்ளை, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நம் ஊரில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார ஒரு பிள்ளைகூடக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. என் விடுதிக்கு வந்திருந்தால் ஒருத்தியைக் காட்டியிருப்பேன்.

மணி மூன்று ஐந்து. நாலு மணிக்கு இளமதியின் சித்தப்பா விடுதிக்கு வருவான். அவளை ஒரு வாரத்துக்குக் கூட்டிப் போவான். அனுமதிக் கடிதத்தில் காலையிலேயே கையெழுத்துப் போட்டுச் சமையல்கார ராக்கம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன், வந்ததும் கொடுத்து அனுப்பிவிடு, எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று. எல்லாம் முறைப்படிதான். என் விடுதியில் பிரம்பு கிடையாது. இருபத்திரண்டு வருஷமாகக் காப்பாளினியாக இருக்கிறேன், ஒரு பிள்ளை மேல் கை வைத்ததில்லை, இந்த மாவட்டத்தில் வேறு எவளாவது நெஞ்சைத் தொட்டு இப்படிச் சொல்லட்டும், இந்த ஜெசிந்தா உட்பட. தப்புச் செய்தால் மன்னிப்புக் கடிதம். அதில் வீட்டுப் பெரியவர் கையெழுத்து வேண்டும். மூன்று கடிதம் சேர்ந்தால் ஒரு வாரம் வீட்டுக்கு. அரசு விதி இல்லை, நானே வகுத்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருமுறை, மேடம், ரொம்ப நாகரிகமான ஏற்பாடு என்று எழுதிவிட்டுப் போனார். இளமதி ஏழாம் வகுப்பு. அப்பா இல்லை, அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில், பொங்கலுக்குப் பொங்கல் வருவாள். சித்தப்பாதான் எல்லாம். முதல் கடிதம் ஐப்பசியில். இரண்டாவது பொங்கல் லீவுக்கு முன்னால், லீவு படிவத்தைக் கிழித்து வாளியில் போட்டதற்கு. மூன்றாவது முந்தாநாள், கூடப் படிக்கிற சுகன்யாவின் கையைக் கடித்ததற்கு. சும்மா கடி இல்லை. ரத்தம் வந்து ஊசி போட வேண்டியதாயிற்று.

இந்தப் பயிற்சிக்காரி சொல்கிறாள், அடங்காத பிள்ளை என்று ஒன்று கிடையாதாம், பயந்த பிள்ளைதான் உண்டாம். காலையில் சொன்னாள், பதினோரு மணி டீக்கு முன்னால். எழுபது பேரும் குறித்துக்கொண்டார்கள். ஜிப் வைத்த பை ஒன்று, பேனா ஒன்று, நோட்டு ஒன்று இலவசமாகக் கொடுத்தால் நம் ஆட்கள் எதையும் குறித்துக்கொள்வார்கள். அப்புறம் ஒரு தாள் கொடுத்தாள். பத்துக் கேள்வி. பதினெட்டு வயதுக்குள் உங்களுக்கு இது நடந்ததா, அது நடந்ததா, ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் சுழியம், கடைசியில் கூட்டிப் போடுங்கள். பெயர் எழுத வேண்டாமாம். பெயர் எழுத வேண்டாம் என்றால் நம்புகிற சாதியா இது? ஒரு நிமிஷம் அரங்கமே பரீட்சை ஹாலாகிவிட்டது. "சந்தனமாரிக்கா, நாலாவதுக்கு என்னக்கா போட்டீங்க?" என்று ஜெசிந்தா என் தாளை எட்டிப் பார்க்கிறாள். அவள் அப்பா குடித்தாரா இல்லையா என்று என் தாளில் எழுதியிருக்கிறது பாருங்கள். "எது சரியான ஆன்சர்னு மேடம் கடைசியில சொல்லுவாங்களா?" என்று பின்னால் ஒருத்தர். சமூகநலத்துறைக் கண்காணிப்பாளர் எழுந்து பின்பக்கம் வரை வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரும் ஒண்ணுக்கு மேல போடாதீங்கப்பா, நாளைக்கு சர்வீஸ் ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சுன்னா வம்பு" என்றார். அவ்வளவுதான். எழுபது பேருக்கும் பொற்காலமான பிள்ளைப்பருவம் வாய்த்துவிட்டது. நானும் சுழியம்தான் போட்டேன். யாருக்கும் பயந்து இல்லை. கேட்கிறவர்களிடம் எல்லாம் அவிழ்த்துக் கொட்டுகிற ஜன்மம் இல்லை நான். அழுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. காலையில் ஒரு அங்கன்வாடிப் பெண் தாளைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினாள், இந்த ஸ்வாதிகா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், ஒருத்தன் அதைப் போட்டோ எடுத்தான். அழுதால் என்ன கிடைத்தது? ஒரு போட்டோ கிடைத்தது.

"அந்த இடத்துல என்ன வாசனை இருக்கு, என்ன சத்தம் கேக்குது, கவனிங்க." கவனிக்கிறேன் தாயே, பினாயில் வாசனை. இது எங்கிருந்து வந்தது? இந்த அரங்கில் ரூம் ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள், பினாயில் இல்லை. பெரியம்மா வீட்டில்தான் பினாயில். ஐந்தாம் வகுப்பிலிருந்து பெரியம்மா வீட்டில் விட்டுத்தான் படிக்க வைத்தார்கள், எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் சரியில்லை என்று. பாதுகாப்பான இடம் வேண்டுமாம் இவளுக்கு. பெரிய வீடு அது, முன்கட்டு, பின்கட்டு, மாடி, எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து படி என்பாள் பெரியம்மா. பெரியப்பாவும் அதையே சொல்வார். குணமான மனுஷர் என்று தெருவே சொல்லும். அதட்டிப் பேச மாட்டார். நான் கூடத்தில் உட்கார்ந்து படிப்பேன், பெரியம்மா கோயிலுக்குக் கிளம்பும் சத்தம் கேட்டதும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் கக்கூஸுக்குள் போய்விடுவேன். அங்கே உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. வீடு முழுக்க அந்த ஒரு கதவுக்குத்தான் சின்னப்பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் தாழ்ப்பாள். ஈரத் தரையில் செருப்பைக் கழற்றிப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து பூகோளம் படித்திருக்கிறேன். தூங்கியும் இருக்கிறேன். போதுமா? போய்ச் சேர்ந்துவிட்டேன், பாதுகாப்பான இடத்துக்கு. இதைப் போய் அந்த மைக்கில் சொன்னால் நன்றாக இருக்கும். இருங்கள். இளமதி ஐப்பசியில் எழுதிய அந்த முதல் கடிதம். எதற்கு எழுதினாள்? விடிகாலையில் ராக்கம்மா தண்ணீர் திறக்கப் போனபோது குளியலறை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டித் தட்டிப் பார்த்து, நான் போய் அதட்டிய பிறகு திறந்தது. ஈரத் தரையில் பாயை விரித்து இளமதி. அதற்கு முந்தின நாள் பெற்றோர் கூட்டம், சித்தப்பா வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். நான்தான் சொல்லச் சொல்ல எழுத வைத்தேன், விடுதி ஒழுங்குக்கு மாறாகக் குளியலறையில் உறங்கியது என் தவறு, இனிமேல் தாழ்ப்பாளிட்டுக்கொள்ள மாட்டேன். அதில் 'தாழ்ப்பாளிட்டு' என்ற சொல்கூட நான் திருத்தியதுதான். எழுத்துப்பிழை எனக்குப் பிடிக்காது.

அட, எல்லாப் பிள்ளையும்தான் எங்கேயாவது தூங்குகிறது. புழுக்கமாக இருந்திருக்கும். ஐப்பசியில் என்ன புழுக்கம் என்று கேட்காதீர்கள். இந்தப் பயிற்சிகளின் கோளாறே இதுதான், சும்மா இருக்கிறவளுக்கும் கண்டதைக் கிளப்பிவிட்டு நாலு மணிக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது, படிவத்தைக் கிழித்தது. லீவுக்கு வீட்டுக்குப் போகிற படிவத்தை எந்தப் பிள்ளையாவது கிழிக்குமா? நூற்றுப்பத்துப் பிள்ளைகளில் நூற்றொன்பது அதைக் கையில் வைத்துக்கொண்டு குதிக்கும். திமிர் என்று நினைத்தேன். திமிர் என்பது எங்கள் துறையில் எல்லாப் பூட்டுக்கும் ஆகிற சாவி. மூன்றாவது, கடித்தது. சுகன்யா அழுதுகொண்டே சொன்னாள், "நான் ஒண்ணும் செய்யல மிஸ், சும்மா பின்னால போயி கண்ணைப் பொத்தி யாருன்னு சொல்லுன்னேன், அதுக்குப் போயி கடிச்சிட்டா." பின்னால் போய்க் கண்ணைப் பொத்தி. யாருன்னு சொல்லு. பெரியப்பாவும் அப்படித்தான் ஆரம்பிப்பார். கையில் மூக்குப்பொடி வாடை. யாருன்னு சொல்லு பாப்பம். வீட்டில் வேறு யார் இருந்தார்கள், சொல்வதற்கு? அதற்கு மேல் நான் நினைக்க மாட்டேன். முப்பத்தெட்டு வருஷமாக அந்த இடத்தில் நிறுத்திவிடத் தெரியும் எனக்கு. ஆனால் சுகன்யா சொன்னபோது நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்குப் பின்னால் சுவர் இருந்தது, நான் எங்கே போனாலும் முதுகுக்குச் சுவர் பார்த்துத்தான் உட்காருவேன், இப்போதுகூடக் கடைசி வரிசை, கேட்டால் காற்றுக்காக என்பேன். அப்படி இருக்கிறவளுக்குச் சுகன்யா சொன்னது உறைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? உறைத்தது. உறைத்த மறுகணமே கடிதம் எழுத வெள்ளைத்தாளை எடுத்து இளமதியிடம் நீட்டினேன். எழுது.

அப்புறம் நடந்ததுதான் பெரிய அசிங்கம். மூன்றையும் சேர்த்துக் கோப்பில் வைக்கும்போது முதல் இரண்டிலும் சித்தப்பா கையெழுத்தைப் பார்த்தேன். முத்துமுத்தாக இருந்தது. சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் அந்த ஆள் கையெழுத்து கோழி கிளறியது போல. பிள்ளையே போட்டிருக்கிறது! எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா, பிடித்துவிட்டேன் என்று. ஜெசிந்தாவுக்குப் போன் செய்து சொல்லிச் சிரித்தேன். என்னை ஏமாற்ற ஒருத்தி பிறந்து வர வேண்டும் என்றேன். எதற்காகப் போட்டாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? என் பெயரைக் கேட்டாலே மூத்திரம் போகிற பிள்ளைகள் அவை. பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே போட்டிருக்கிறாள். என்னை விட அவளுக்கு அவன் மேல் பயம் அதிகம். இதற்கு என்ன பத்துக் கேள்வி வேண்டிக்கிடக்கிறது, கண் இருந்தால் போதும். நான் என்ன செய்தேன்? அவனுக்கே போன் போட்டேன். "ஐயோ மிஸ், உங்களுக்குச் சிரமம் குடுத்திட்டாளா? வெள்ளிக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன். புத்தி சொல்லி அனுப்பறேன். நீங்க கவலைப்படாதீங்க" என்றான். அதட்டாத குரல். குணமான மனுஷன் என்று நானே சொல்லிக்கொண்டேன். என் வாயால் நானே.

ஆதாரம் என்ன? ஒன்றும் இல்லை. பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாத பிள்ளைக்காக நான் போய் ஒரு மனுஷன் மேல் பழி போட்டு, அவன் நல்லவனாக இருந்துவிட்டால்? ஊரே திரண்டு வந்து விடுதி வாசலில் நிற்கும். மெமோ வரும். ஓய்வுக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. அவளே வாயைத் திறந்து சொல்லட்டுமே. சொல்லட்டுமா? நான் சொன்னேனே. ஆறாம் வகுப்பில் காலாண்டு லீவுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. அவளுக்குப் புரிந்தது, எனக்குத் தெரியும். பிறகு மறுபடி விளக்கினாள். "அவுக சோத்தத் தின்னுக்கிட்டு இப்படிப் பேசாத" என்றாள். திங்கட்கிழமை காலையில் தலை பின்னி, தேன்குழல் ஒரு டப்பா கட்டிக் கொடுத்து, அவளே வந்து பஸ் ஏற்றிவிட்டாள். கண்டக்டரிடம், பிள்ளையைப் பத்திரமா இறக்கி விடுங்க என்றாள். பத்திரமா! இன்னும் நாலு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். பெரியப்பாவைக் கூட நான் இத்தனை வெறுத்ததில்லை, அந்தத் தேன்குழல் டப்பாவை வெறுத்த அளவுக்கு. பஸ் ஏற்றிவிடுகிறவர்கள்தான் ஈனப்பிறவிகள் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் காலையில் எட்டு மணிக்கு, நீலப் பேனாவால், முத்திரை குத்தி, நான் ஏற்றிவிட்டிருக்கிறேன். அம்மாவுக்காவது படிப்பில்லை.

"இப்ப மெதுவா கண்ணைத் திறங்க" என்கிறாள் ஸ்வாதிகா. நான் ஜெசிந்தாவின் தலையைத் தோளிலிருந்து தள்ளிவிட்டுப் போனை எடுத்தேன். மணி மூன்று இருபத்தைந்து. ராக்கம்மா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க மிஸ். அவரு அப்பவே வந்துட்டாரு. டீ போட்டுக் குடுத்தேன். பாவம், தங்கமான மனுசன், பிள்ளைக்கு அல்வா வாங்கிட்டு வந்திருக்காரு."

"பிள்ளை எங்க?"

"பைய மாட்டிக்கிட்டு வாசல்லயே நிக்குது. உக்காருன்னாலும் உக்காரல. மூணே முக்கா பஸ்ஸுக்கு அனுப்பிரவா?"

"அனுப்பாத."

"லெட்டர்ல நீங்க கையெழுத்துப் போட்டு வச்சிருக்கீகளே மிஸ்."

"அது செல்லாது. புது உத்தரவு வந்திருக்கு. காப்பாளினி நேர்ல இல்லாம பிள்ளைய யாரு கூடயும் அனுப்பக் கூடாது. கலெக்டர் ஆர்டர்னு சொல்லு."

"எப்ப மிஸ் வந்துச்சு?"

"இப்பத்தான்."

நம்பிவிட்டாள். உத்தரவு என்றால் அவள் எதையும் நம்புவாள், நான் அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறேன். இல்லாத கையெழுத்தைப் பிள்ளை போட்டாள், இல்லாத உத்தரவை நான் போட்டேன். எனக்கு யார் மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்வார்கள்? பிள்ளையிடம் போனைக் கொடு என்றேன். சமையல்கட்டுக்குக் கூட்டிப் போய்க் கொடு, அந்த ஆள் முன்னால் வேண்டாம். கொலுசுச் சத்தம் கேட்டது, அப்புறம் மூச்சு.

"மிஸ், மன்னிச்சிருங்க மிஸ். சக மாணவியைக் கடித்தது என் தவறு. விடுதி ஒழுங்குக்கு மாறாக இனிமேல்..." கடிதத்தை அப்படியே ஒப்பிக்கிறாள். என் வாக்கியங்கள். ஒரு பிழை இல்லை.

"நிறுத்து. இளமதி, நீ இன்னைக்குப் போக வேண்டாம்."

கொலுசுச் சத்தம் மறுபடி கேட்டது.

"கேக்குதா? அவரைத் தனியா அனுப்பச் சொல்லியிருக்கேன். நான் வர்ற வரைக்கும் நீ ராக்கம்மாவ விட்டு நகரக் கூடாது."

நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்கிறேன், என் புத்தி அவ்வளவுதான். ராக்கம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல, "மே மாசம் ஹாஸ்டலப் பூட்டிருவீகள்ல மிஸ்?" என்றாள்.

அவள் ஏற்கெனவே மே மாசத்தில் போய் நின்றுகொண்டிருக்கிறாள். ஒரு வாரத்தை நான் தடுத்தது அவளுக்குப் பெரிதாகவே தெரியவில்லை. முப்பத்தோரு நாளை எப்படிக் கடப்பது என்று இந்தப் பங்குனியிலேயே யோசித்துக்கொண்டிருக்கிறாள், பன்னிரண்டு வயதில். பூட்டுவேன். ஏப்ரல் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பூட்டிச் சாவியை ஒப்படைப்பேன், இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள் பிந்தியதில்லை. இருபத்திரண்டு மே மாசம். எத்தனை பிள்ளைகள் இப்படி என் முன்னால் பையோடு நின்றார்களோ, நான் சாவிக்கொத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"லைன்லயே இரு" என்றேன். "கட் பண்ணிராத."

எழுந்து நடந்தேன். ஸ்வாதிகா குழு விவாதத்துக்குச் சார்ட் பேப்பர் கொடுத்துக்கொண்டிருந்தாள், சந்தோஷமாக என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், முதல் ஆளாக வருகிறேன் என்று நினைத்துவிட்டாள் போல. அவளைத் தாண்டிப் போனேன். மேடையில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் அரை மணி நேரம் பேசினார், எந்தப் பிள்ளைக்கு என்றாலும் எங்கள் கதவு திறந்தே இருக்கும் என்று. நான் மேஜையின் மேல் இருந்த மைக்கை எடுத்தேன்.

"என்னம்மா, கருத்துச் சொல்லணுமா?"

"கேள்வி சார். என் விடுதியில ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு இருக்கு. அவ வீடு அவளுக்கு ஆபத்து. நான் மே மாசம் பூட்டணும். அந்த ஒரு மாசம் அவ எங்க இருக்கணும்?"

முன்வரிசையில் குறட்டை நின்றது.

"பிள்ளை கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கா?"

"இல்ல சார்."

"பின்ன, ஆபத்துன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார். அந்த வயசுல நானும் அப்படி ஒரு வீட்டுல இருந்திருக்கேன்."

மைக்கில் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஜெசிந்தா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அலுவலர் சால்வையை மேஜைமேல் வைத்தார், கண்காணிப்பாளரைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"சரிம்மா. நீங்க எழுத்துமூலமா ஒரு மனு குடுத்திருங்க, பரிசீலிக்கிறோம்."

"எழுதித் தரேன் சார், இன்னைக்கே தரேன்" என்று காதிலிருந்த போனை எடுத்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். "ஆனா பிள்ளை லைன்ல இருக்கா. அவகிட்ட நீங்க சொல்லுங்க."